மேடத்தின் அறுபது மிருகங்கள்

மேடம் ஒரு அட்டையைக் கையில் வாங்கினால் முதலில் படத்தைப் பார்க்க மாட்டார். நாங்களெல்லாம் படத்தைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டு அப்புறம்தான் மற்றதைப் படிப்போம். அவர் கட்டை விரலால் படத்தை மறைத்துக்கொள்வார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அட்டையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, மேல் மூலையில் இருக்கும் எண்ணைப் படிப்பார். அந்த மிருகத்தைக் களத்துக்கு வரவழைக்க எவ்வளவு சக்தி செலவழிக்க வேண்டும் என்பது அந்த எண். பிறகு கீழ் மூலைக்கு இறங்குவார். அங்கே இரண்டு எண்கள். எவ்வளவு அடிக்கும், எவ்வளவு அடி தாங்கும். நடுவில் பொடி எழுத்தில் அதன் வித்தை எழுதியிருக்கும். அதை உதடு அசைய இரண்டு முறை படிப்பார். எல்லாம் முடிந்த பிறகு விரலை எடுத்து, "ஓ, சிங்கமா" என்பார். சிங்கத்துக்குக் கிடைக்கிற மரியாதை அவ்வளவுதான்.

அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆரணிப் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார். அங்கே யாராவது இதைப் படித்துவிட்டு அவரிடம் போய்க் கேட்டால் அவருக்குச் சங்கடம். எங்களுக்கு அவர் மேடம், அவ்வளவு போதும்.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி ஒரு சந்துக்குள் நான் சின்னதாக ஒரு காபிக் கடை நடத்துகிறேன். மாடியில் நாலு அறை வாடகைக்கு விட்டிருக்கிறேன். வெளிநாட்டுக்காரர்களுக்கு இஞ்சி எலுமிச்சை, நம் ஆட்களுக்கு டீ. மாடியில் மூன்று மாதம் தங்கியிருந்த ஒருவர் ஊருக்குக் கிளம்பும்போது ஒரு பெட்டி நிறைய விளையாட்டு அட்டைகளை விட்டுவிட்டுப் போனார். அதிலிருந்து தொற்றிய வியாதிதான் இது. பக்கத்து மெடிக்கல் ஷாப் குமரன், நான், கல்லூரி வாத்தியார் ஒருவர், அப்புறம் மாடியில் அந்தந்த வாரம் யார் தங்கியிருக்கிறார்களோ அவர்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் நேரம் வரை ஆட்டம். தலை நரைத்த ஆம்பிளைகள் காகிதப் பேய்களை வைத்துக்கொண்டு அடித்துக்கொள்கிறோமே என்று ஆறு மாதம் வெட்கமாக இருந்தது. பிறகு அதுவும் போய்விட்டது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்க வந்த மேடம், டம்ளரோடு எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். நான் அப்போதுதான் என் பெட்டியிலேயே பெரிய மிருகத்தை இறக்கியிருந்தேன். ஒரு கறுப்பு டிராகன். எனக்கு அதன்மேல் கொள்ளை ஆசை.

"தம்பி, மேல ஏழுன்னு போட்டுக்குதே, இன்னா அது?"

"இத வரவைக்க ஏழு சக்தி செலவு பண்ணணும் மேடம்."

"வந்து இன்னா பண்ணும்?"

"எட்டு அடிக்கும்!"

"எப்போ?"

"அடுத்த முறை எனக்கு வரும்போது."

"அதுவரைக்கும்?"

"நிக்கும்."

"ஏழு செலவு பண்ணி இட்டாந்தா, புது மாப்ள மாதிரி சும்மா நின்னுக்குமா? அதுக்குள்ள எதிர்ல இருக்கறவரு பூப்பறிச்சினு இருப்பாரா?"

குமரன் பூப்பறிக்கவில்லை. இரண்டே சக்தி செலவில் ஒரு அட்டையைப் போட்டு என் டிராகனைக் கொன்றுவிட்டான். எனக்கு வந்த கோபத்தில் அந்த அம்மாளுக்கு இனி டீ கிடையாது என்று மனதுக்குள் முடிவு செய்தேன். அவர் டம்ளரைக் கழுவும் தொட்டியில் தானே கொண்டுபோய் வைத்துவிட்டு, "அடுத்த வாரமும் வெளாடுவீங்களா?" என்று கேட்டார். அடுத்த வாரம் வந்தார். கையில் ஒரு கட்டுத் துண்டுச்சீட்டு. ஒரு பக்கம் பிரிண்ட் ஆகி வீணான ஆபீஸ் பேப்பரை நாலாக வெட்டித் தைத்துக் கொண்டுவந்திருந்தார்.

வேங்கிக்காலில் ஏதோ ஒரு அரசு அலுவலகத்தில் அவருக்கு வேலை, அப்போது வீடும் அங்கேதான். இருபத்தைந்து வருடம் கோப்பு எழுதிய கை. அந்தக் கைக்கு மிருகமும் கோப்பும் ஒன்றுதான். எந்த அட்டையைப் பார்த்தாலும் ஒரு சீட்டில் குறிப்பு எழுதி, பத்துக்கு எத்தனை என்று மார்க் போட்டு, கீழே சுருக்கொப்பமும் இடுவார். ஒரு சீட்டு இப்படி இருக்கும்: "மேற்படி கரடி ஐந்து செலவில் வருகிறது. வந்த முறையில் பயன் ஏதும் இல்லை. துணையின்றி நிற்க இயலாது. தகுதியில்லை." இன்னொன்று: "மேற்படி எலி இரண்டு செலவில் வருகிறது. வந்தவுடன் ஓர் அட்டை பெற்றுத் தருகிறது. இறந்தாலும் நட்டமில்லை. ஏற்கலாம்."

முதலில் நாங்கள் சிரித்தோம். மூன்று மாதத்தில் சிரிப்பு நின்றுவிட்டது, ஏனென்றால் அவர் சொன்னது ஒன்றுகூடத் தப்பவில்லை. அவர் கேட்கிற கேள்விகள் மூன்றே மூன்றுதான். வந்த அன்றைக்கே ஏதாவது வேலை செய்கிறதா? சாகும்போது எதிராளியின் ஆளில் ஒருவனையாவது கூட்டிக்கொண்டு போகிறதா? தனியாக நிற்குமா, இல்லை, கூடவே இன்னொருவன் வந்தால்தான் நிற்பேன் என்று அடம் பிடிக்குமா? இந்த மூன்றில் இரண்டுக்காவது பதில் வைத்திருக்கிற மிருகம் பிழைக்கும். மற்றதெல்லாம், அது டிராகனாக இருந்தாலும் சரி, தள்ளுபடி. மாடிக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களில் பத்துப் பன்னிரண்டு வருடமாக ஆடுகிறவர்கள் இருந்தார்கள். அவர்களே அட்டையை எடுத்துக்கொண்டு வந்து மேடத்தின் முன்னால் வைத்துவிட்டு, பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்கு நிற்கிற மாதிரி நிற்பார்கள்.

அட்டை என்றில்லை, எதைப் பார்த்தாலும் அவருக்கு இதே கணக்குதான். கடைக்கு நான் புதிதாக ஒரு மாஸ்டரைச் சேர்த்தபோது அடுப்படிக்குள் ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு வந்து, "வந்த அன்னிக்கே வேல செய்யறாரு. ஆனா வெங்காயம் உரிக்க ஒரு ஆள் கேக்கறாரு. ஆறு மார்க்" என்றார். இருபது நாளில் மாஸ்டர் நின்றுவிட்டார். "மேடம், உங்களுக்கு நீங்க எவ்வளவு போடுவீங்க?" என்று வாத்தியார் ஒரு நாள் வம்பிழுத்தார். "எனக்கா? செலவு ஜாஸ்தி, அடி கம்மி. ரெண்டு போடலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த அட்டையை எடுத்துக்கொண்டார். தன்னிடமும் அவர் தாட்சண்யம் பார்க்கவில்லை.

பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமையில் வந்து தொலைத்தால் எங்களுக்கு ஆட்டம் கிடையாது. செங்கம் ரோட்டில் வண்டி விட மாட்டார்கள், கால் வைக்க இடமிருக்காது, கடையிலும் எனக்கு மூச்சு விட நேரமிருக்காது. அப்படி ஒரு நாள், கிரிவலக் கூட்டத்திலிருந்து பிதுங்கிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி மேடம் சந்துக்குள் வந்தார்.

"இன்னிக்கு ஆட்டம் இல்லையே மேடம்."

"தெரியும். போன வாரம் அந்த நண்டுக்கு அஞ்சு மார்க் போட்டேன்ல? வாரம் பூரா உறுத்தினே இருந்துது. அது அஞ்சு இல்ல, நாலுதான். சீட்ட குடுங்க, திருத்திட்டுப் போயிடறேன்."

"இதுக்காகவா வேங்கிக்கால்லேர்ந்து நடந்து வந்தீங்க?"

"கால்வாசி சுத்தியாச்சு. மீதியையும் சுத்தினா வீடு வந்துடுது."

சீட்டில் ஐந்தை அடித்து நாலு போட்டு, திருத்தத்துக்குப் பக்கத்தில் தனியாக ஒரு சுருக்கொப்பம் இட்டு, டீ குடித்துவிட்டுக் கூட்டத்தோடு கூட்டமாக மேற்கே போனார். ஒரு காகித நண்டுக்கு இவ்வளவு நியாயமா என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. அந்த நியாயத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்கு அதற்கு முன்பே தெரியும். தெரிந்தும் எரிச்சல் வந்தது, உண்மையைச் சொல்ல வேண்டுமல்லவா.

அதை அவர் சொன்னது, வந்து சேர்ந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. நல்ல மழை. மற்றவர்கள் யாரும் வந்திருக்கவில்லை.

"இந்த வெளாட்ட என் பையனும் ஆடுவான் தம்பி. அப்ப நாங்க இங்கதான் பக்கத்துத் தெருவுல குடியிருந்தோம். இங்க தங்கற வெளிநாட்டுப் பசங்களோட மாத்தி மாத்தி ஒரு டப்பா சேத்து வெச்சிருந்தான். ப்ளஸ் டூ கணக்குப் பரீட்சைக்கு நாலு நாள் இருக்குது, நோட்டுக்கு நடுவுல அட்டைய வெச்சினு உக்காந்திருக்கான். எனக்கு வந்துது பாருங்க கோவம். அவங்கப்பாவும் இல்ல, இவனும் படிக்கலன்னா நான் இன்னா பண்ணுவேன்? மறுநாள் ஸ்கூலுக்குப் போனதும் டப்பாவோட தூக்கி பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுட்டேன்."

"திட்டினானா?"

"திட்டியிருந்தா சண்ட போட்டு அன்னிக்கே முடிஞ்சிருக்கும். வந்தான், தேடினான். இன்னாடா தேடறன்னேன். ஒண்ணுமில்லன்னான். பரீட்சை எழுதினான், மார்க் வாங்கினான், இப்ப பெங்களூர்ல நல்ல வேலையில இருக்கான். தெனம் போன் பண்றான், அதுக்குக் குறை சொல்ல முடியாது. சாப்டியாம்பேன், ம் ம்பான். வேலை எப்பிடிப் போவுதும்பேன், போவுதும்பான். வேற இன்னாடா விசேஷம்னா, ஒண்ணுமில்ல. ஒன்பது வருசமா ஒண்ணுமில்ல தம்பி."

மழை நிற்கிற வரை அவர் சொன்னதன் சாரம் இதுதான்: அந்த டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதைவிட நல்ல டப்பாவாகக் கொடுக்க வேண்டும். ஆட்டத்துக்கு அறுபது அட்டை தேவை. அறுபதும் ஒன்றுகூடச் சோடை போகாத அறுபதாக இருக்க வேண்டும். அதைப் பார்த்தால் பையன் ஒரு வார்த்தையாவது கூடப் பேசுவான்.

"அவன்கிட்ட என்னென்ன அட்டை இருந்துதுன்னு கேட்டுடுங்களேன் மேடம். அதையே தேடிடலாம்" என்றேன்.

"கேட்டா, தூக்கிப் போட்டது நான்தான்னு மறுபடியும் கெளறின மாதிரி ஆயிடும். வேணாம். வெளாடறவங்களுக்கு எது புடிக்கும்? பலமானதுதானே புடிக்கும்?"

"ஆமாம், பலமானதுதான்" என்றேன்.

அப்படித்தான் சொன்னேன். யோசிக்காமல் சொன்னேன். நான் ஆடுகிறவன், எனக்கு எது பிடிக்கும் என்றால் பலமானதுதான் பிடிக்கும், அதனால் எல்லோருக்கும் அதுதான் பிடிக்கும் என்று அடித்துச் சொன்னேன். அன்றைக்கு என் நாக்கை யாராவது இழுத்துப் பிடித்திருக்கலாம்.

அறுபது சேர ஏறக்குறைய இரண்டு வருடம் ஆனது. புது அட்டை வரவழைத்தார், மாடிக்கு வருகிறவர்களோடு மாற்றிக்கொண்டார். எடுத்துக்கொண்ட அட்டையைக் கவரில் போட்டு, அதன் முதுகில் குறிப்புச் சீட்டையும் செருகிவிடுவார். தள்ளுபடியானவற்றின் சீட்டையும் எறிய மாட்டார். அவற்றுக்குத் தனிக் கோப்பு, நாடா கட்டி, என் கடை அலமாரியிலேயே இருந்தது. அழகாக இருக்கிறதே என்று குமரன் ஒருமுறை ஒரு நரிக்குட்டி அட்டையைச் சும்மா கொடுத்தான். படிக்கக்கூட இல்லை, தள்ளிவிட்டார். "பாவம் பாத்து ஒண்ண உள்ள விட்டா, அது ஒரு நல்லதோட எடத்த புடிச்சிக்கும் தம்பி." நாற்பத்தொன்பதாவது இடத்துக்கு மட்டும் ஐந்து மாதம் தேடினார். ஐம்பது தாண்டியதும், போட்ட முடிவுகளையே மறுபரிசீலனை செய்து ஏழு அட்டைகளை வெளியே தள்ளினார். எங்களுக்கு அழுகை வராத குறை.

ஆட்டத்தில் மட்டும் மேடம் படு மோசம். இதை அவரே ஒப்புக்கொள்வார். களத்தில் மிருகத்தை இறக்குவார், அழகாக அடுக்கி வைப்பார், ஆனால் சண்டைக்கு அனுப்ப மாட்டார். "மேடம், அந்த ஓநாயை அனுப்புங்க. அது செத்தாலும் என்னுதுல ரெண்டக் கூட்டிட்டுப் போவும்னு நீங்கதான எழுதி வெச்சிருக்கீங்க?" என்று எதிரில் உட்கார்ந்திருக்கும் குமரனே கெஞ்சுவான். "எழுதறது வேற தம்பி" என்பார். ஓநாய் அங்கேயே நிற்கும். அவர் தோற்பார். இரண்டு வருடத்தில் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தார், அதுவும் எதிராளிக்குத் திடீரென்று வயிற்றைக் கலக்கி எழுந்து போனதால்.

ஒரு திங்கட்கிழமை எங்கள் சந்தின் சாக்கடைக்காக மனு எழுதிக்கொண்டு வேங்கிக்கால் போனேன். மனு வாங்குகிற மேசையில் மேடம். முன்னால் பெரிய வரிசை. வாங்குகிறார், நம்பர் போடுகிறார், பின் அடிக்கிறார், அடுத்தவரைப் பார்க்கிறார். என் மனுவை வாங்கியபோது, "எத்தனை மார்க் மேடம்?" என்றேன், தமாஷாக. அவர் சிரிக்கவில்லை. "இங்க மார்க் போட எனக்கு அதிகாரம் இல்ல தம்பி. நம்பர்தான். என் பேச்சு எடுபடறது ஞாயித்துக்கெழம மட்டும்தான்" என்று சொல்லி நம்பர் போட்டுக் கொடுத்தார். எனக்குப் பின்னால் நின்ற அம்மாள் மனுவை நீட்டிக்கொண்டே அழ ஆரம்பித்தார். மேடம் அவருக்கு உட்கார நாற்காலி இழுத்துப் போட்டுவிட்டு, அவருக்கும் நம்பர் போட்டார்.

அந்த வருடம் தீபத்துக்குப் பையன் வருவதாகச் சொல்லியிருந்தான். தீபத்துக்கு இரண்டு வாரம் முன்னால் அறுபதாவது அட்டை சேர்ந்தது. மேடம் டப்பாவை வாங்கி வந்து, எங்கள் எதிரிலேயே அறுபதையும் வரிசையாக அடுக்கினார்.

"வீட்ல குடுத்தா ம்னுட்டு ரூமுக்குள்ள போயிடுவான். இங்க வெச்சி குடுக்கறேன். வெளாடறவங்க நாலு பேரு இருந்தா ரெண்டு வார்த்த பேசுவான்."

தீபத்துக்கு மறுநாள் காலை பதினோரு மணிக்கு இருவரும் வந்தார்கள். கடை நிரம்பி வழிந்தது. நான் மூலை மேசையை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன். நல்ல உயரம், தாடி வைத்த பையன். என்னை அண்ணா என்றான். குமரன் மருந்துக் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து நின்றான். மேடம் டப்பாவை மேசைமேல் வைத்து, விரல் நுனியால் அவன் பக்கம் தள்ளினார்.

அவன் திறந்து முதல் அட்டையை எடுத்தான். திருப்பிச் சீட்டைப் படித்தான். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான்.

"அம்மா, இத நீயா எழுதின?"

"ஆமாண்டா."

"'இறந்தாலும் நட்டமில்லை'யா?" என்று கேட்டுவிட்டு அவன் சிரித்தான் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன. ஒவ்வொன்றாக எடுத்தான், ஒவ்வொரு சீட்டையும் படித்தான். ஒரு பாம்பு அட்டையில் நிறுத்தி, "இதுக்கு எட்டு மார்க் ரொம்ப ஜாஸ்திம்மா" என்றான். "போடா, அந்த எலி கூட இருந்தா இது ஒன்பதுக்கே தகும்" என்றார் மேடம். "எலி வரலன்னா?" "ஏன் வராது? நாலு எலி வெச்சிருக்கேன்." வாய்ச்சண்டை போட்டுக்கொண்டார்கள். அம்மாவும் பிள்ளையும் பாம்புக்காக ஐந்து நிமிடம் சண்டை போட்டார்கள். குமரன் என் தோளைப் பிடித்துக் கிள்ளினான். ஜெயித்துவிட்டோம் என்று நான் நினைத்தேன்.

அறுபதும் முடிந்தது. அவன் கட்டைத் தட்டி நேராக்கினான். பிறகு என்ன நினைத்தானோ, மறுபடியும் விரித்து, வேகவேகமாகத் தள்ளிப் பார்த்தான்.

"இன்னாடா தேடற?"

இந்த முறை அவன் ஒண்ணுமில்லை என்று சொல்லவில்லை.

"நம்ம டப்பால ஒரு தவளை இருந்துச்சும்மா. குட்டித் தவளை. தலையில எலைய கவுத்து வெச்சிருக்கும்."

மேடம் கை தானாகப் பையிலிருந்து துண்டுச்சீட்டையும் பேனாவையும் எடுத்தது.

"எவ்ளோ செலவு?"

"மூணு."

"அடி?"

"ஒண்ணு. உயிரும் ஒண்ணுதான்."

"வந்தா இன்னா பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணாதும்மா."

"செத்தா?"

"செத்துடும்."

குமரன் சிரித்துவிட்டான். ஆட்டம் தெரிந்த யாருக்கும் சிரிப்பு வரும். மேடம் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தார்.

"அப்புறம் ஏன்டா அது?"

"மொதல்ல கெடச்சது அதான். கைக்கு வந்தா ஒரு சந்தோஷம். அத வெச்சி ஒரு ஆட்டம்கூட ஜெயிச்சதில்ல." அவன் அறுபது அட்டைகளையும் டப்பாவில் அடுக்கி, மூடியை மெதுவாக அழுத்தி மூடினான். "சூப்பரா சேத்திருக்கம்மா. நெஜமா. எல்லாமே செம ஸ்ட்ராங்கு. நீயே வெச்சி வெளாடு. நான் இப்பல்லாம் ஆடறதில்ல."

குரலில் கோபம் கிடையாது. கோபம் இருந்திருந்தால் நாங்கள் யாராவது சமாதானம் சொல்லியிருப்போம். சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும் என்று எழுந்தான். மேடமும் எழுந்து அவன் பின்னால் போனார். டப்பா மேசைமேல் இருந்தது. நான்தான் எடுத்து அலமாரியில் வைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேடம் இரண்டு மணிக்கே வந்துவிட்டார். கையில் அந்தச் சீட்டு. தவளை, மூன்று, ஒன்று, ஒன்று. அவ்வளவுதான் எழுதியிருந்தது. மார்க் இல்லை, சுருக்கொப்பம் இல்லை.

"போன்ல கேட்டேன் தம்பி. தவளைய தேடட்டுமாடான்னேன். கெடைக்குமாம்மான்னான். ம்னு சொல்லல. கெடைக்குமாம்மான்னு கேட்டான்."

தேடினோம். எங்கள் பெட்டிகளைக் கொட்டிக் கவிழ்த்தோம். ஒன்றும் கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? டிராகனைக் கேட்டிருந்தால் ஒரு மணி நேரத்தில் பிடித்துக் கொடுத்திருப்போம். நல்ல மிருகத்தை எல்லோரும் கவர் போட்டுப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்கள். ஒன்றுக்கும் ஆகாததை யார் வைத்திருப்பார்கள்? முதன்முதலில் வந்த அந்தப் பெட்டியில் பாதிக்குமேல் இப்படிப்பட்ட சில்லறை மிருகங்கள்தான். இடத்தை அடைக்கிறது என்று நானே அவற்றைக் கட்டிப் பழைய பேப்பரில் போட்டிருக்கிறேன். வாத்தியார் எங்கெங்கோ இருக்கிற ஆட்டக்காரர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பினார். இரண்டு பேர் பதில் போட்டார்கள். இருந்தது, எறிந்துவிட்டோம் என்று இரண்டு பேரும் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள்.

பொங்கல் தாண்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை. மேடத்துக்குத் திடீரென்று ஒரு யோசனை. "நாம தள்ளுபடி பண்ணோமே, அந்தக் கோப்ப எடுங்க. மாடில தங்கினவங்க எத்தினி பேரு அட்டை காமிச்சிருக்காங்க? அதுல யார்கிட்டயாவது தவளை இருந்திருக்கும். சீட்டப் பாத்தா யாருன்னு ஞாபகம் வரும், கேட்டு வாங்கிடலாம்."

நாடாவை அவிழ்த்தோம். நானூறு ஐந்நூறு சீட்டு இருக்கும். மேடம், குமரன், நான் மூவரும் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தோம். கரடி, கழுகு, மூன்று தலை நாய், தகுதியில்லை, தகுதியில்லை, தகுதியில்லை. மேடத்தின் கையெழுத்தைப் படித்துப் படித்து எனக்குக் கண் எரிந்தது. என் பங்கில் பாதி தாண்டியபோது அது வந்தது.

"மேற்படி தவளை மூன்று செலவில் வருகிறது. அடி ஒன்று. உயிர் ஒன்று. வித்தை இல்லை. எந்நிலையிலும் பயன் ஏதும் இல்லை. உரியவர் இலவசமாகவே அளிக்க முன்வந்தும் ஏற்கப்படவில்லை. தகுதியில்லை." கீழே சுருக்கொப்பம்.

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. மாடியில் ஒரு வாரம் தங்கியிருந்த ஒரு பெண்மணி. வைத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டினார். மேடம் சீட்டு எழுதிவிட்டு அட்டையைத் திருப்பித் தள்ளினார். அந்தப் பெண்மணி சிரித்துக்கொண்டே அதை டீ டம்ளரோடு மேசைமேலேயே விட்டுவிட்டுப் போனார். மேசையைத் துடைத்தது நான்தான்.

சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். அதற்குக்கூட எனக்குச் சாமர்த்தியம் போதவில்லை. மேடம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடுங்க தம்பி."

கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, உதடு அசைய இரண்டு முறை படித்தார். குமரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். மேடம் சீட்டை மேசைமேல் வைத்து, உள்ளங்கையால் சுருக்கத்தை நீவிக்கொண்டே இருந்தார்.

"அந்தத் தடவ பாக்காம தூக்கிப் போட்டேன் தம்பி" என்றார். "இந்தத் தடவ பாத்துட்டுத் தூக்கிப் போட்டிருக்கேன்."